இருந்த இடத்தில் இதயம்

ஐந்தருவிச் சாலையில் முப்பது வருஷமாகப் பழக்கடை வைத்திருக்கும் தளவாய்க்கு மனிதர்களைப் பற்றி ஒரே ஒரு அபிப்பிராயம்தான் உண்டு. மங்குஸ்தானைக் கையில் எடுத்து, பெருவிரலால் அழுத்திப் பார்த்து வாங்குகிறவன் பிழைத்துக்கொள்வான். நிறத்தைப் பார்த்துவிட்டு ‘ரெண்டு கிலோ போடுங்க’ என்கிறவன் ஊர் போய்ச் சேர்ந்து, கல்லாய் இறுகிப்போன பழத்தை உடைக்கச் சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இரண்டாவது ஆளால்தான் கடை ஓடுகிறது என்பதால் இந்த அபிப்பிராயத்தை அவர் வெளியில் சொல்வதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தராசைப் பிடித்தபடியே அவர் சரிந்தார். தென்காசி குளிர்சாரல் இருதய மையத்தில் பிழைக்கவைத்து, இடது காறை எலும்புக்குக் கீழே, லாட்ஜில் கொடுக்கிற சின்ன சோப்பு அளவில் ஒரு கருவியைத் தோலுக்குள் வைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து ஒரு ஒயர் இதயத்துக்குள் போகிறது. இதயம் தாறுமாறாக ஓடினால் கருவி உள்ளேயிருந்தே கரண்டு அடித்து அதை வழிக்குக் கொண்டுவரும். ‘உள்ளுக்குள்ளயே ஒரு போலீஸ்காரன்’ என்றான் போலீசில் இருக்கும் அவருடைய தம்பி, பெருமையாக.

அந்தப் போலீஸ்காரனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் விசாரிப்பார்கள். விசாரிப்பவர் எபனேசர் என்கிற டெக்னீசியன். வட்டமான ஒரு சாமானைத் தளவாயின் நெஞ்சில் வைத்து, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, இடது கையைத் தூக்கச் சொல்வார், இறக்கச் சொல்வார், இருமச் சொல்வார்.

“இன்னும் மேல தூக்கும் அண்ணாச்சி. ஒயரு கள்ளத்தனம் பண்ணுச்சுன்னா கையத் தூக்கும்போதுதான் தெரியும். படுத்துக் கெடக்கும்போது அது நல்ல பிள்ள மாதிரி நடிச்சிரும்.”

அழுத்திப் பார்க்கிற ஆள் என்று தளவாய்க்கு எபனேசர்மேல் மரியாதை வந்தது. சீசனில் அவருக்குக் கொடுக்கும் பழம் உண்மையிலேயே நல்ல பழமாக இருக்கும்.

பிறகுதான் ‘இருந்த இடத்தில் இதயம்’ திட்டம் வந்தது. கட்டில் பக்கத்தில் ஒரு பெட்டி வைப்பார்கள். நோயாளி பக்கத்தில் படுத்தால் பெட்டி கருவியோடு பேசி, சேதியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். யாரும் எங்கேயும் வரவேண்டாம். திட்டத்தைத் தொடங்கிவைத்து மையத்தின் இயக்குநர் டாக்டர் விஜய்பாண்டி பேசினார்:

“ஒரு நோயாளி நேரில் வருகிறார் என்றால், அது மருத்துவத்தின் தோல்வி. வருகிறவர் நாற்காலி கேட்கிறார். மின்விசிறி கேட்கிறார். கழிப்பறை எங்கே என்கிறார். கடைசியில் டாக்டர் எங்கே என்றும் கேட்டுவிடுகிறார். தரவு வந்தால் இதில் ஒன்றையும் கேட்பதில்லை. நோயாளிகள் இல்லாத மருத்துவமனை என்பதே என் கனவு.”

கூட்டம் கை தட்டியது. தளவாயும் தட்டினார். கடைக்கு வராமலே காசு அனுப்புகிற வாடிக்கையாளரை யாருக்குத்தான் பிடிக்காது என்று அவருக்குப் புரிந்தது.

வராமலிருப்பதற்குப் பதிவுசெய்ய மூன்று தடவை வரவேண்டியிருந்தது. முதல் தடவை ஆதார் அட்டையோடு. இரண்டாம் தடவை, கட்டிலும் பெட்டியும் நோயாளியும் ஒன்றாக இருக்கும் போட்டோவோடு. கண் திறந்திருந்ததால் அது தள்ளுபடியாகி, தூங்குகிற மாதிரி வேறு எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் தடவை, அந்தக் கட்டில் அந்த வீட்டில்தான் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியோடு. அவருடைய ஊரான மேலகரத்தில் அத்தாட்சி எழுதிக் கொடுக்கிறவர், கிணற்றுக்கும் மரத்துக்கும் கொடுத்திருக்கிறேன், கட்டிலுக்குக் கொடுத்ததில்லை என்று வெகுநேரம் யோசித்தார். பிறகு ‘மேற்படி கட்டில் மேற்படி வீட்டில், என் விசாரணைக்குத் தெரிந்தவரை, நான்கு காலுடன் உள்ளது’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

எபனேசருக்கு இனி வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருடைய வட்டச் சாமானை இயக்குநர் அறைக் கண்ணாடி அலமாரியில், விருதுக் கேடயங்களுக்கு நடுவே வைத்துப் பூட்டினார்கள். பரிசோதனை அறை, கட்டுப்பாட்டு அறையாயிற்று. சுவர் முழுக்க ஒரு திரை, அதில் நோயாளிகளின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பச்சை விளக்கு. திரைக்கு எதிரே அபி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். யாரிடமும் முகம் சுளிக்கமாட்டாள். முகத்தைப் பார்த்தால்தானே சுளிக்க.

ஆனியில் சாரல் விழுந்தது. சீசன் நாளில் மேலகரத்தில் சொந்தக் கட்டிலில் படுக்கிறவன் பிழைக்கத் தெரியாதவன். முன்னறையை அருவியில் குளிக்க வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரர்கள் அடுப்படிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வது ஊர் வழக்கம். தளவாயின் மனைவி மாரித்தாயும் முன்னறையைச் சிவகாசிக் குடும்பம் ஒன்றுக்கு விட்டாள். பதிவான கட்டில் முன்னறையில். பதிவான கட்டிலை விட்டுப் பெட்டியை நகர்த்தக் கூடாது. ஒன்பதாம் நாள் அபி போன் செய்தாள்.

“சார், நீங்க ஒன்பது நாளா உங்க பெட்ல படுக்கலை.”

“அங்கன சிவகாசி ஆளுக படுத்திருக்காவ தாயி.”

“அவங்களுக்கு டிவைஸ் இருக்கா சார்?”

“அவியளுக்கு நாலு பிள்ளைய இருக்கு.”

அபி அதை எழுதிக்கொள்வது கேட்டது. மறுநாள் ‘நீங்கள் ஒத்துழைக்காத நோயாளி’ என்று போனில் சேதி வந்தது. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சாயங்காலம் சிவகாசிக்காரர்கள் அருவியிலிருந்து திரும்பியதும் தளவாய் கதவைத் தட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தன் கட்டிலில் கால்மணி நேரம் படுப்பார். மாரித்தாய் பெட்டியின் பொத்தானை அமுக்குவாள். ஈரத் துண்டோடு நான்கு பிள்ளைகளும் சுற்றி நின்று பார்க்கும். “மாமாவுக்கு சார்ஜ் ஏறுதா?” என்று கடைக்குட்டி தினமும் கேட்கும். ஏறியது. பச்சை விளக்கு எரிந்தது.

ஆடியில் ஒரு காலை. கடையில் ரம்புட்டான் கொத்தை இடது கையால் கொக்கியில் மாட்டப் போனார். உள்ளேயிருந்து யாரோ நெஞ்சுக்கூட்டை ஓங்கி உதைத்தார்கள். கீழே விழுந்தார். பழம் சாலையெல்லாம் ஓடியது. நின்றவர்கள் பதறிப்போய்ப் பொறுக்கினார்கள், பொறுக்கியதைத் தங்கள் பைகளில் போட்டுக்கொண்டு, ஓரமாகப் படுக்க வையுங்கள் என்று யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்கள். தளவாய் எழுந்து தண்ணீர் குடித்தார். மயக்கம் இல்லை, படபடப்பு இல்லை, இதயம் அதுபாட்டுக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. என்னவோ ஏதோ என்று மறுபடி கையைத் தூக்கினார். மறுபடி உதை.

குற்றமே நடக்காத வீட்டுக்குள் போலீஸ்காரன் அடிக்கிறான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. எபனேசர் சொன்ன ஒயரின் கள்ளத்தனம் இதுதான். சரியான நேரத்தில் பார்க்காவிட்டால், சும்மா இருக்கிற இதயத்தை அடித்தே நிறுத்திவிடும்.

வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுத்தார், மாரித்தாய் பொத்தானை அமுக்கினாள். மத்தியானம் அபி போன் செய்தாள்.

“வாழ்த்துகள் சார். இன்னைக்கு உங்களுக்கு ரெண்டு தெரப்பி சக்சஸ்ஃபுல்னு வந்திருக்கு.”

தளவாய் பஸ் ஏறித் தென்காசி போனார். வாசலில் செக்யூரிட்டி, நேரில் வருகிறவர்களை உள்ளே விட உத்தரவில்லை என்றான். பார்சல் கொடுக்க வந்திருக்கிறேன் என்று சொன்னதும் விட்டுவிட்டான். அபி அவரை ஒருமுறையும் திரையை ஒருமுறையும் பார்த்தாள். திரையில் தளவாய்க்குப் பச்சை.

“நீங்க நல்லாத்தான் இருக்கீங்க சார். வீட்டுல இருக்கீங்க.”

“நான் இங்கன நிக்கேம்மா. அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம்?”

“பெட்டிக்குக் கரண்டும் சிக்னலும் கிடைக்குதுன்னு அர்த்தம்.”

“அது பெட்டிக்கு. எனக்கு?”

“அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும் சார்.”

“அப்போ டாக்டரப் பாக்குதேன்.”

“டாக்டர் ஸ்கிரீனைத்தான் பார்ப்பாங்க.”

வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுத்து, மறுபடி சேதி அனுப்பச் சொன்னாள். படுத்தால் ஒயர் நடிக்கும் என்றார் தளவாய். நடிப்பு என்று ஒரு கட்டம் படிவத்தில் இல்லை என்றாள் அபி, வருத்தத்தோடு.

வெளியே படியில் ஒரு அம்மாள், மடியில் மஞ்சள் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் பெட்டி. திருவேங்கடத்திலிருந்து வந்த பார்வதியம்மாள். அவளுக்கும் அதே கருவி, அதே ஒயர். குடத்தை இடுப்புக்குத் தூக்கும்போது ஒருதடவை அடித்துவிட்டதாம். அவளையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். போகிறதற்கு இரண்டு பஸ், வீட்டில் சிக்னல் வேண்டுமென்றால் பெட்டியோடு வேப்பமரத்தடிக்குப் போகவேண்டும், மரத்தடியில் கட்டில் இல்லை என்று விவரமாகச் சொன்னாள்.

“நமக்கு என்னவும் ஆயிருமா அண்ணாச்சி?” என்று கடைசியில் கேட்டாள்.

“ஆச்சி, நேரா உள்ள போயி உக்காரும். எந்திரிக்காதயும்,” என்றார் தளவாய். அவள் சிரித்தாள். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை என்றாள்.

அடுத்த பத்து நாளில் தளவாயை இன்னும் மூன்று முறை அடித்தது. பரணில் கூடையை எடுக்கையில், சட்டை மாட்டுகையில், தம்பிக்கு டாட்டா காட்டுகையில். பதினோராம் நாள் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு நேர் கீழே துண்டை விரித்துப் படுத்தார். பெட்டியைச் சுவரில் செருகிப் பொத்தானை அமுக்கிவிட்டு, தலைக்குமேல் கையைக் கொஞ்சமாக அசைத்தார், உதைக்கும் அளவுக்குப் போகாமல், ஒயர் முனகும் அளவுக்கு மட்டும். கால்மணி நேரத்தில் திரையில் அவர் பெயர் சிவப்பாகி மின்னியது. அபி பதறிப் போனை எடுத்தாள். தரையில் கிடந்தவரின் சட்டைப்பையில் போன் அடித்தது.

“சார், ரொம்ப அவசரம். உடனே பக்கத்துல இருக்கிற ஹாஸ்பிட்டலுக்குப் போங்க.”

“வந்துட்டேம்மா,” என்றார் தளவாய், போனிலும் நேரிலும்.

அபி எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, மேஜைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அவளுடைய கண்ணில் உண்மையாகவே ஒரு சந்தோஷம் வந்தது. அதற்குள் திரை, பதிவான கட்டிலிலிருந்து சேதி வரவில்லை, ஆகவே செல்லாது என்று சொல்லி, அவர் பெயரை மறுபடி பச்சையாக்கிவிட்டது. அபி உட்கார்ந்துவிட்டாள்.

இப்படியே செத்துப்போகவேண்டியதுதான் என்று தளவாய் ஏறக்குறைய முடிவுக்கு வந்திருந்தபோதுதான் அழைப்பிதழ் வந்தது. திட்டத்தின் முதலாம் ஆண்டு விழா, குற்றாலத்தில் லாட்ஜ் மண்டபத்தில். ஐந்து தெரப்பிகள் வெற்றி பெற்று மாவட்டத்திலேயே முதலிடத்தில் இருக்கும் பயனாளி திரு. தளவாய் அவர்களுக்குப் பொன்னாடை. அதிகமாக உதை வாங்கியவன்தான் அதிகமாகப் பிழைத்தவன் என்பது ஆஸ்பத்திரிக்காரர்களின் கணக்கு.

மண்டபத்தில் முந்நூறு பேர். முன்வரிசையில் தளவாயும் மாரித்தாயும். மூன்றாம் வரிசையில் பார்வதியம்மாள், மஞ்சள் பையோடு. மேடையில் வெளியூர் டாக்டர்கள் நான்கு பேர். இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். சென்ற ஆண்டு நாலாயிரம் பேர் நேரில் வந்தார்கள், இந்த ஆண்டு ஒருவர்கூட வரவில்லை, இதைவிட ஆரோக்கியத்துக்கு வேறென்ன சான்று வேண்டும் என்றார்.

“எங்கள் மருத்துவர்களுக்கு இப்போது எவ்வளவு நேரம் மிச்சம் தெரியுமா? அந்த நேரத்தில்தான் இந்த விழாவுக்கு மூன்று மாதமாக உழைத்தார்கள். இந்தத் திட்டத்தால் பயனடைந்தவர்கள் எல்லாரும் கையைத் தூக்குங்கள்!”

கைகள் எழுந்தன. தளவாய் வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவர். எதிராளி எதைத் தொலைக்க விரும்பமாட்டானோ அதைத் தராசில் வைக்கவேண்டும் என்று தெரிந்தவர். ஆஸ்பத்திரியில் தனியாகச் செத்தால் அது தரவு. இங்கே, இத்தனை பேர் முன்னால், நாலு டாக்டர்கள் எட்டுகிற தூரத்தில் விழுந்தால், எவனாவது ஒருவன் தொட்டுத்தான் ஆகவேண்டும். மாரித்தாய்க்கு அவர் முகம் புரிந்துவிட்டது. அவருடைய இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்யா. வலது கையத் தூக்கும்.”

“விடு ஏட்டி,” என்றார் மெதுவாக. விடுவித்துக்கொண்டு, இடது கையைக் கடைசிவரை தூக்கினார்.

மூன்று முறை அடித்தது. இரண்டாவதுக்கே நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். வெளியூர் டாக்டர்களில் ஒருவர் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து, நாடியைப் பிடித்து, சட்டையைக் கிழித்து, நெஞ்சில் கை வைத்தார். ஒரு வருஷத்தில் அவர் நெஞ்சில் பட்ட முதல் வைத்தியக் கை அது. இவரைக் கடைசியாக யார் பரிசோதித்தது என்று அந்த டாக்டர் தலையைத் தூக்காமலே கேட்டார். மேடையோரத்தில் பொன்னாடைத் தட்டோடு நின்றிருந்த அபி எட்டிப் பார்த்தாள்.

“சிஸ்டம் சார்,” என்றாள் அபி.

மறுநாள் உடைந்த ஒயரை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார்கள். மூன்றாம் நாள் இயக்குநர் பூங்கொத்தோடு வந்தார். திட்டம் இல்லாவிட்டால் விழா இல்லை, விழா இல்லாவிட்டால் அங்கே டாக்டர் இல்லை, ஆகவே தளவாயைக் காப்பாற்றியது திட்டம்தான் என்று விளக்கினார். கூடவே ஒரு சுவரொட்டியும் காட்டினார். முதல் அடி விழுந்த கணத்தில் போட்டோக்காரர் எடுத்த படம். கை உயர்ந்து, கண் விரிந்து, வாய் பிளந்து தளவாய். கீழே ‘மகிழ்ச்சியில் பயனாளி! வீட்டிலிருந்தபடியே உயிர் பிழைத்தார்!’ என்று எழுத்து.

ஊர் ஊராகக் கூட்டம் போடப் போகிறார்கள், தளவாய் வந்து நாலு வார்த்தை பேசவேண்டும். தளவாய் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேரத்தை ஆரம்பித்தார். பேசுகிறேன், ஆனால் எபனேசர் திரும்ப வந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வட்டச் சாமானை என் நெஞ்சில் வைக்கவேண்டும். நோயாளி நேரில் வருவது கொள்கைக்கு விரோதம் என்றார் இயக்குநர். நோயாளியாக வரவில்லை, பேச்சாளராக வருகிறேன் என்றார் தளவாய். பேச்சாளர் வரலாம் என்று இயக்குநர் ஒத்துக்கொண்டார். எழுதி வாங்கிக்கொண்டார் தளவாய். சட்டைப்பையில் அந்தக் காகிதம் இருந்தவரை நெஞ்சு லேசாக இருந்தது.

அப்படியாக, வரவேண்டியதே இல்லை என்று சொல்வதற்காக, ஆஸ்பத்திரிக் கார் வந்து தளவாயை அழைத்துப்போகலாயிற்று. காலையில் எபனேசர் சோதிப்பார். மத்தியானம் கூட்டம்.

முதல் கூட்டத்தில் கேள்வி நேரத்தில் பார்வதியம்மாள் எழுந்தாள்.

“குடந் தூக்கும்போது இப்போ மூணு தடவ அடிச்சிட்டு. நேர்ல வந்து காட்டணுமா, வேண்டாமா?”

இயக்குநர் புன்னகையோடு ஒலிபெருக்கியைத் தளவாய் பக்கம் நகர்த்தினார். உங்களைப் போன்ற ஒருவரே பதில் சொல்வார் என்றார். பார்வதியம்மாள் தளவாயைப் பார்த்தாள். படியில் உட்கார்ந்து கேட்டபோது பார்த்த அதே பார்வை. தளவாயின் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. காகிதம் இருந்தது.

“வேண்டாம் ஆச்சி. பெட்டி பாத்துக்கிடும்,” என்றார்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணாச்சி சொன்னால் சரி என்கிற மாதிரி. கூட்டம் முடிந்ததும் தனியாகப் பிடித்து, எபனேசரிடம் கூட்டிப்போக வேண்டும் என்றுதான் தளவாய் நினைத்திருந்தார். பொன்னாடை போட்டு, போட்டோ எடுத்து, வடையும் காப்பியும் முடிவதற்குள் ஐந்து மணி பஸ் அவளோடு போய்விட்டது.

மூன்று மாதம் கழித்துக் கார் வந்தது. கட்டுப்பாட்டு அறையைத் தாண்டும்போது அபியின் மேஜையில் மஞ்சள் துணிப்பையைத் தளவாய் கண்டார். பக்கத்தில் பெட்டி, சுவரில் செருகி, பச்சை விளக்கு எரிய.

“திருவேங்கடத்துல இருந்து திருப்பிக் குடுத்துட்டாங்க சார். போன மாசமே. நல்ல கண்டிஷன்ல இருக்கு, அடுத்த பேஷண்டுக்குக் குடுத்துரலாம்,” என்றாள் அபி.

“அந்த ஆச்சி?”

அபி திரையில் தேடினாள். கொஞ்ச நேரம் ஆயிற்று.

“கடைசியா அனுப்பினதுல நாலு தெரப்பி சக்சஸ்ஃபுல் சார். அதுக்கப்புறம் டேட்டா இல்லை.”

எபனேசர் வட்டச் சாமானோடு காத்திருந்தார். கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார், இருமச் சொன்னார். ஒயர் முதல்தரமாக இருக்கிறது என்றார். தளவாய் சட்டையை மாட்டிக்கொண்டார்.

மத்தியானக் கூட்டத்தில் புதுமுகங்கள் நிறைய. பலர் மடியில் பெட்டி. இயக்குநர் பேசி முடித்து, பயனடைந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். எல்லாரும் முதலில் தளவாயைப் பார்த்தார்கள், சுவரொட்டியில் பார்த்த ஆள்.

தளவாய் இடது கையைத் தூக்கினார். முழுக்க, காதை ஒட்டி, விரல் நுனிவரை நேராக. ஒன்றும் ஆகவில்லை.